அசையாமல் இருக்கச் சொன்னவர்

அவர் எங்கள் பங்களாவில் தங்கியிருந்த காலங்களில், குசினி ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் நான் கதவில் ஒரு தட்டுத் தட்டுவேன். திறந்ததும் திடுக்கிடாமல் இருக்க என்னை நானே தயார்படுத்திக்கொள்ளும் தட்டு அது. முதல் தடவை அப்படித் தட்டவில்லை. வெண்ணெய்க்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பாதி மூடிய கண்ணோடு ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. கையிலிருந்த பால் போத்தல் விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு வந்தவர் தரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, “நல்லவேளை, அசையல” என்றார்.

அவருக்குப் பெயர் உண்டு. தெரிந்தவர்களும் இருப்பார்கள். அதை இங்கே எழுதி அவருக்கு அந்த மரியாதையை நான் செய்யப் போவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் அவரைப் படக்காரர் என்றார்கள். எனக்கும் அது போதும்.

லிந்துலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்தப் பங்களா இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய துரைக்கு அடுத்தவர், சின்னத்துரை, குடியிருந்தது. இப்போது போனில் பதிந்துவிட்டு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நான் அங்கே சமையல். சாதாரண தரம் வரை படித்துவிட்டு, சில வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பு வலி தாங்காமல் குசினிக்கு வந்தவள். தோட்டவேலைக்கு எங்கள் லயத்துப் பெருமாள் அண்ணன் இருந்தார். மேனேஜர் ஹட்டன் பக்கத்துச் சிங்களவர். விருந்தினர் வரும்போது அவரும் வருவார். படக்காரர் வருஷத்தில் சில தடவை வந்து, வந்தால் வாரக்கணக்கில் இருப்பார். அவருடைய வேலை காட்டு ஓணான்களைப் படம் எடுப்பது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வரும் என்பார் மேனேஜர். அதனால் அவருக்கு மூலை அறை, தனிக் கணப்பு, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு.

ஒல்லியான உயரமான ஆள். சட்டைக்கு மேலே பத்துப் பை வைத்த ஒரு மேல்சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அந்த மெல்லிய குரலில் அவர் ஓயாமல் சொன்னது ஒரே பேச்சுத்தான்: “அப்படியே இருங்க. அசையாதீங்க.” ஓணானிடம் சொல்வார். மஞ்சு கலைந்து வெயில் எட்டிப் பார்க்கும்போது வானத்தைப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் ஆவி பறக்கிற குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு சாப்பாட்டறைக்குள் போனேன். ஜன்னல் வெளிச்சம் ஆவியில் விழுந்திருக்க வேண்டும். “தங்கச்சி, அப்படியே நில்லுங்க” என்றார். நின்றேன். துணி வழியாகச் சூடு விரலுக்கு ஏறியது. அவர் ஒரு முழங்காலில் உட்கார்ந்தார், எழுந்தார், பக்கத்துக்கு வந்தார். சட்டியை வைக்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். “பேசாதீங்க, உதடு அசையுது” என்றார். வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் பீலிக் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தை அவர் எனக்குக் காட்டியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

எனக்கு நடந்தது பெரிதில்லை. அஞ்சலை அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில் கொழுந்து எடுக்கிறவர். மழை விட்டும் விடாத ஒரு காலையில் படக்காரர் அங்கே இறங்கிப் போனார். அக்காவின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்து, “அக்கா, அப்படியே இருங்க, ரொம்ப நல்லா இருக்கு” என்றாராம். அக்கா முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக, மழையில் நனைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நம்மை ஒருத்தர் நன்றாயிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பு வராதா? காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு அட்டை ஏறியிருந்தது அவருக்குத் தெரியாது. அட்டை கடிப்பது எப்போது தெரிந்திருக்கிறது? படக்காரர் படம் எடுத்தது அதைத்தான். அது குடித்து, ஊதி, தானாக உருண்டு விழுகிற வரைக்கும் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். பக்கத்து நிரையில் நின்றவள், “அக்கா, ரத்தம்” என்று சொன்ன பிறகுதான் அஞ்சலை அக்கா கழுத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். சட்டை தோள் வரை ரத்தத்தில் நனைந்திருந்தது.

“அட்டை கடிச்சதுக்கு நான் கவலப்படல புள்ள. அது தெனமும் கடிக்குது,” என்று சாயந்தரம் என்னிடம் சொன்னார். “நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன் பாரு, அதுதான்.”

படக்காரர் வெள்ளைக்காரர் இல்லை. கொழும்பிலே வளர்ந்த தமிழர். அதிலும் எங்கள் ஆள்தான். அவருடைய அப்பா வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, கொழும்புக்குப் போனவர். “நான் நம்ம மலைநாட்டு ஆளு” என்று வந்த முதல் நாளே பெருமாள் அண்ணனின் தோளில் கை போட்டுச் சொன்னார். அண்ணன் அதிலேயே விழுந்துவிட்டார். ஒரு தடவை அப்பா பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் வந்தார். அந்தக் காம்பராவில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வாசலில் வரிசையாக நின்று, படம் எடுப்பார் என்று காத்திருந்திருக்கிறார்கள். அவர் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். சுவரையும் கூரைத் தகரத்தையும் பார்த்துவிட்டு, “இங்க எடுக்கறதுக்கு என்ன இருக்கு” என்று சொல்லி வெளியே வந்துவிட்டாராம். அவர் மனசு தாங்காமல்தான் அப்படிச் சொன்னார் என்பது அண்ணனின் கட்சி. இருக்கலாம். நான் அந்த வீட்டு ஆட்கள் வாசலில் நின்றதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஓணானைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதுவரைக்கும் எனக்கு அது அருவருப்பு. அதன் கழுத்து சிவந்தால் தூரத்தில் இருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சின்ன வயசில் தொப்புளைக் கையால் பொத்திக்கொண்டு ஓடுவோம். கொழுந்து எடுக்கும்போது செடிக்குள் விட்ட கையில் குளிர்ச்சியாக ஏதாவது வழுக்கினால் இன்றைக்கும் எங்கள் பொம்பிளைகள் கத்துவார்கள். தேயிலைக்குள் இருக்கிற அந்தப் பச்சை ஓணானுக்கு உதடு கறுப்பு என்று அவர் சொல்லித்தான் பார்த்தேன். ஆணுக்கு ஒரு செடி, இரண்டு செடி என்று சொந்த இடம் உண்டு. இன்னொரு ஆண் வந்தால் தலையை ஆட்டி எச்சரிக்கும், முகம் கறுத்துப் போகும். பெண் முட்டையிடத் தரைக்கு இறங்கி, மண்ணைத் தோண்டி, இட்டு மூடி, மூக்காலேயே மண்ணைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகும். திரும்பி வந்து பார்க்காது. காட்டுக்குள் மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஒன்று இருக்கிறது. பாசி பிடித்த மரத்தில் பாசியைப் போலவே ஒட்டிக்கொண்டிருக்கிற, விரல் நீள உடம்புள்ள ஒரு குள்ள ஓணான் இருக்கிறது. ஓடத் தெரியாது அதற்கு. வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும். முட்டையும் போடாது, குட்டிதான் போடும் என்றார்.

பெருமாள் அண்ணன் சிரித்துவிட்டார். படக்காரர் சிரிக்கவில்லை. இந்தக் குளிரில் மண்ணுக்குள் முட்டை வைத்தால் பொரிக்காது, அதனால் தாய் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெயில் வருகிற பக்கமாகப் போய் உட்கார்ந்து, தன் உடம்பைச் சூடாக்கி வளர்க்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு கனிவாக இருந்தது. அந்த முகத்தை நான் கண்ணால் பார்த்திருப்பதால்தான் எனக்கு அவர் மேல் இத்தனை வெறுப்பு. தெரியாமல் செய்கிறவரை மன்னித்துவிடலாம்.

வாசல் வேலியில் ஒரு கறுத்த உதட்டு ஆண் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் செடியில் இன்னொன்று. இரண்டும் தன் தன் இடத்தில் இருந்தன. ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே இல்லை. பெருமாள் அண்ணன் குச்சி நுனியில் நூல் சுருக்குப் போட்டு இரண்டையும் பிடித்துக் கொடுத்தார். படக்காரர் ஒரு பூங்கிளையை வெட்டிக் கொண்டுவந்து நட்டு, அதன் இரண்டு பக்கமும் இரண்டையும் விட்டார். போக வழி இல்லை. முகம் கறுத்தது, வாய் திறந்தது, பாய்ந்துகொண்டன. ஒன்று மற்றதன் முகத்தைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நான் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். அண்ணன் பிரித்துவிடக் கை நீட்டினார். படக்காரர் கமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை உயர்த்தி அண்ணனை நிறுத்தினார். “அப்படியே... அப்படியே...” என்றார்.

கடி வாங்கியதற்கு ஒரு கண் போய்விட்டது. எங்காவது விட்டுவிடச் சொன்னார். அண்ணன் தொட்டிப் பக்கம் விட்டார். அது ஏறப் பார்த்து, முடியாமல், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று.

அடுத்த வருஷத்துக் கலண்டரில் அந்தப் படம் வந்தது. மேனேஜர் சாப்பாட்டறையில் பெருமையாக மாட்டினார். பல நாள் காட்டில் ஒளிந்திருந்து எடுத்த அபூர்வக் காட்சி என்று கீழே மூன்று மொழியிலும் போட்டிருந்தது. பெருமாள் அண்ணன் துடைப்பக்கட்டையோடு அதற்கு முன்னால் நின்றுவிட்டு, “நான் புடிச்சது புள்ள,” என்றார். ஒருநாள் படத்துக்குக் கீழே அண்ணனுடைய பெயரையும் போடுவேன் என்று படக்காரர் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் காட்டுக்குள் போய் வந்தார்.

ஃப்ரிட்ஜ் சமாச்சாரத்தை நான் சும்மா விடவில்லை. சாப்பாடு வைக்கிற இடம் என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குளிரில் அதற்கு உடம்பு மரத்துப் போகும், வலிக்காது, வெளியே எடுத்துக் கிளையில் வைத்தால் தெளியும், தெளிகிற வரைக்கும் நாம் வைத்தபடி இருக்கும் என்று குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். நாங்கள் குளிருக்குக் கணப்பு மூட்டிக்கொண்டு வாழ்கிற ஊரில், ஓணானைக் குளிர வைக்க ஒரு மெஷின் தேவைப்பட்டது அவருக்கு. மேனேஜரிடம் சொன்னேன். விருந்தினர் மனம் நோகாமல் நடந்துகொள்ளும்படி சிங்களத்தில் எனக்குத்தான் புத்தி சொன்னார்.

இதே மனிதர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பேசினார். சுவரில் படம் காட்டி, ஓணானைக் கல்லால் அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டுத் தூர நின்று பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். என் மகள் வீட்டுக்கு வந்து, “அந்த மாமா ரொம்ப நல்லவரும்மா. ஓணான்னா அவருக்கு உசுரு” என்றாள். அன்றைக்குக் காலையிலும் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் வெண்ணெய் எடுத்திருந்தேன். பிள்ளையிடம் என்ன சொல்ல? அவள் அதற்குப் பிறகு ஓணானைக் கல்லால் அடிக்கவில்லை. அதுவும் அவர் செய்ததுதான்.

அவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. அந்தக் குள்ள ஓணான் குட்டி போடுவதைப் படம் எடுக்க வேண்டும். வரும் போதெல்லாம் அண்ணனிடம் அதைப் பற்றியே பேசுவார். கடைசியாக அவர் வந்திருந்த சமயம் அண்ணனுக்கு ஒன்று அகப்பட்டது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, தோல் இழுபட்டு, உள்ளே இருப்பவை புரளுவது வெளியே தெரிந்தது. படக்காரர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்றார். மூலை அறையில் பாசி, கிளை எல்லாம் வைத்து ஒரு சின்னக் காடே கட்டி, கமராவை நிறுத்தி வைத்தார்.

அன்றைக்குப் பிடித்தது மழை. மஞ்சு வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. கரண்டும் போய்ப் போய் வந்தது. அவர் கேட்ட வெளிச்சம் இல்லை. விளக்கு வைத்து எடுத்தால் செத்த படமாக இருக்கும், மழை விட்டு வெயில் வரட்டும் என்றார். ஆனால் வயிற்றில் இருப்பவற்றுக்கு மழை தெரியுமா? தாய் கிளையில் வாலை இறுக்கிக்கொண்டு உடம்பை முறுக்க ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு அதைக் கிளையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் குசினிக்குக் கொண்டுவந்தார்.

என்ன செய்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டைத் தள்ளிவிட்டு டப்பாவை உள்ளே வைத்தார்.

“சேர், அது குட்டி போடப் போகுதில்ல?” என்றேன்.

“அதுக்குத்தான் தங்கச்சி. குளிர்ல உடம்பு நின்னுரும். வெயில் வந்ததும் எடுத்து வச்சா, விட்ட இடத்துலேருந்து தொடரும்.”

சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார். கோழிக்குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பிறகு மழை விட்டால் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் பாத்திரம் கழுவினேன். என் மகள் பிறந்த நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் யாராவது வந்து, கொஞ்சம் பொறு, வெளிச்சம் வரட்டும் என்று சொல்லியிருந்தால்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தட்டவில்லை. டப்பாவில் அது பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. வாயோரம் நுரை. செத்துவிட்டது என்றுதான் எடுத்தேன். அதுவரை ஓணானை நான் கையால் தொட்டதே இல்லை. கல்லைத் தொட்டது போல் இருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில், பலகை மேல் ஒரு துணியை மடித்து அதில் வைத்தேன். கொள்ளி அணைந்து தணல் மட்டும் இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு முன்னங்கால் விரல் துணியைப் பிடித்தது. வால் நுனி எதையோ தேடுவது போல் சுழன்றது. விறகிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வைத்தேன். வால் அதைச் சுற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு கண் முழுதாகத் திறந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றது கதவைப் பார்த்தது.

உடம்பை வளைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு மூச்சு. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய மாதிரி ஒன்று வெளியே வந்து துணியில் விழுந்தது. உள்ளே சுருண்டு ஒரு குட்டி. சின்ன விரல் அளவுகூட இல்லை. அது தலையால் முட்டி அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டு எட்டு வைத்து, பிறந்த அந்த நிமிஷமே தன் வாலை என் துணியின் நூலில் சுற்றிக்கொண்டு நின்றது. அடுத்தது. அதற்கு அடுத்தது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. வலிக்கும் தன் வேலைக்கும் நடுவில் அதற்கு நேரம் இல்லை. கடைசியாக வந்தது தோலைக் கிழிக்கவே இல்லை. என் நகத்தால் கிழித்துவிட்டேன். உள்ளே அது பச்சை நிறம்கூட வராமல் அப்படியே இருந்தது. வெளியே மழை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அறையில் அவர் குறட்டை விடுவது குசினி வரைக்கும் கேட்டது.

உயிரோடு இருந்தவற்றைத் தாயோடு சேர்த்துத் துணியோடு மடியில் கட்டிக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போனேன். அண்ணன் வழக்கமாகப் போகிற பாதையை விட்டு, வேறு பக்கமாக ஏறினேன். பாசி அடர்ந்த ஒரு மரத்தில் ஒவ்வொன்றாக விட்டேன். கையை எடுத்து மறுபடி பார்ப்பதற்குள் எது பாசி எது குட்டி என்று எனக்குத் தெரியவில்லை.

சாயந்தரம் மழை விட்டது. அவர் எழுந்து, முகம் கழுவி, குசினிக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

“டப்பா எங்க தங்கச்சி?”

“வெளிய எடுத்துட்டேன் சேர். குட்டி போட்டுருச்சு. கொண்டுபோய் விட்டுட்டேன்.”

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். சுவரோடு சாய்ந்து அப்படியே குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் நிறம் இல்லை. “நீங்க பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன் என்றேன்.

“நான் அடுத்த அறையிலதானே இருந்தேன். ஏன் கூப்பிடல?”

“கூப்பிட்டா திரும்பவும் உள்ள வச்சிருப்பீங்க.”

அவர் எழுந்து போனார். இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு காட்டோரத்து மரங்களில் பாசியை உரிக்க ஆரம்பித்தார். கை நிறையக் கை நிறையப் பிய்த்து, உதறிப் பார்த்து, கீழே போட்டார். நான் குசினி ஜன்னலில் நின்று பார்த்தேன். நான் விட்ட மரம் அந்தப் பக்கமே இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தபோது அந்த வரிசை மரங்கள் எல்லாம் ஆள் உயரத்துக்குத் தோலுரித்தது போல் வெறுமையாக நின்றன. வெயில் நன்றாக அடித்தது அன்றைக்கு.

நான் அவருடைய சாமானைத் திருடிவிட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நூல் சுருக்கு, டப்பா, கலண்டர், காக்கை கொண்டுபோனது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இந்தப் பிராணிகளைப் பிடிப்பது குற்றமென்று எல்லோருக்கும் தெரியும், வனஜீவராசிக் காரியாலயத்துக்கு ஒரு போன் போட எனக்கும் தெரியும் என்றேன். மேனேஜரின் முகம் மாறிவிட்டது. ஓணானுக்காக அல்ல, பங்களாவின் லைசென்ஸுக்காக. படக்காரரிடம் நயமாகப் பேசி, வரும் மாதங்களில் அறை எதுவும் காலியில்லை என்று சொல்லி வழியனுப்பினார். வான் வண்டிக்குள் ஏறும்போது படக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. பெருமாள் அண்ணனிடம் மட்டும் கை கொடுத்தார்.

அந்த வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் மேனேஜர் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார். யாராவது விசாரித்து வந்தால், ஓணான் பிடித்தவனை விலக்கியாகிவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணனுக்காக நான் போய்ப் பேசிப் பார்த்தேன். உனக்கும் வேலை வேண்டாமென்றால் நீயும் போகலாம் என்றார். என் பிள்ளை படிக்கிறாள். நான் போகவில்லை.

அண்ணன் அந்த வயசில் மறுபடி மலைக்குப் போய் மருந்து டாங்கியைச் சுமந்து புல்லுக்கு அடிக்கிறார். அவர் சம்சாரம் பாதையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அண்ணன் அப்படி இல்லை, பேசுவார். “நீ சும்மா இருந்திருக்கலாம் புள்ள,” என்று ஒருநாள் சொன்னார். “என் பேரப் போடுறேன்னு சொல்லியிருந்தாரு.” அவரிடம் நான் வாதாடவில்லை. படக்காரர் அவரை இன்னும் பிடித்துத்தான் வைத்திருக்கிறார்.

போன மாதம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த மெல்லிய குரல். நல்லா இருக்கீங்களா தங்கச்சி, மகள் படிக்கிறாளா என்று விசாரித்தார். முழங்கால் போய்விட்டது, இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பழசை எல்லாம் பேசுவதற்கு எடுக்கவில்லை என்றார். பெருமாள் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு உதவி வேண்டும் என்றார்.

“நான் இனிப் பாக்கப் போறதில்ல. நீங்க பாத்ததச் சொல்லுங்க, போதும். எத்தன குட்டி? தலை முதல்ல வந்துச்சா, வால் முதல்ல வந்துச்சா? தாய் திரும்பிப் பாத்துச்சா?”

அந்தக் குரல் நடுங்கியது. பொய் நடுக்கம் இல்லை, அது எனக்குத் தெரியும். கேட்டதெல்லாம் என்னிடம் இருந்தது. அந்தக் கண்ணாடித் தோல், அதை முட்டிக் கிழித்த தலை, துணி நூலில் சுற்றிய வால், எதுவும் மறக்கவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்தப் பக்கம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“நான் சரியாப் பாக்கல சேர். அடுப்புல வேல இருந்துச்சு,” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் லைனை வெட்டாமல், போனை அப்படியே பலகையில் வைத்துவிட்டு, மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.